பிடியின் காலமும் அலகின் காலமும்: சகாய் சமையற்கத்திகளில் மரத்தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானின் சகாய் நகரில் கையால் செய்யப்படும் சமையற்கத்திகளின் பிடிக்கு மென்மையான ஹோ மரமே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. இத்தேர்வின் காரணங்களை வாள்தொழில் மரபோடு பொருத்தி ஆராயும் இக்கட்டுரை, பிடி மாற்றப்படுவதற்கென்றே அமைக்கப்பட்டது என்பதையும், கைவினை வரலாற்றெழுதியலுக்கு அதனால் எழும் சிக்கலையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சகாய், சமையற்கத்தி, ஹோ மரம், பூண், கைவினை வரலாறு

முன்னுரை

கத்தியின் வரலாறு பெரும்பாலும் அலகின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எஃகின் தன்மை, கொல்லரின் பெயர், தீட்டும் முறை ஆகியன விரிவாகப் பேசப்படும் இடத்தில், கை பற்றும் மரம் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு கருவி எவ்வாறு பயன்பட்டது, எவ்வாறு பழுதுபார்க்கப்பட்டது என்பதைப் பிடியே தெளிவாகக் காட்டுகிறது.

சகாயின் தொழிற்பகுப்பு

ஓசாக்காவை அடுத்த துறைமுக நகரம் சகாய். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தபின், அதன் இலையை நறுக்கும் கத்திகளால் இந்நகரம் பெயர் பெற்றது. தோக்குகாவா ஆட்சி அக்கத்திகளுக்குத் தனி முத்திரை வழங்கியது. 1876ஆம் ஆண்டின் ஹைதோரெய் ஆணை, படையினர், காவலர் போன்றோர் நீங்கலாக மற்றவர்கள் பொதுவிடத்தில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. அதன்பின் வாள்தொழிலில் ஈடுபட்டிருந்த பலர் அன்றாடக் கருவிகளின் பக்கம் திரும்பினர். 1982இல் சகாய்க் கத்தித்தொழிலை ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. இத்தொழிலில் அலகை அடித்து வடிப்பவரும், தீட்டுபவரும், பிடி செய்பவரும் வெவ்வேறு கைவினைஞர்கள்.

ஹோ மரத்தின் தகுதி

ஹோ என்பது ஜப்பானில் வளரும் ஒருவகை மக்னோலியா மரம். அதன் வைரப்பகுதி பசுமை கலந்த சாம்பல் நிறமுடையது. உலர்ந்த மரத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.5 கிராம், கருங்காலியின் அடர்த்தி அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஹோ பின்தங்கும். ஆயினும் வாளின் உறைக்கும், அதன் கைப்பிடியின் உட்கட்டைக்கும் இம்மரமே பயன்பட்டது. இழை நேரானது, பிசின் குறைவு, எஃகை எளிதில் துருவேற்றாது, அலகைக் கீறாது. உறையைச் சோற்றுப் பசையால் ஒட்டியதும், தேவைப்படும்போது பிளந்து உட்புறத்தைத் துப்புரவு செய்யும் பொருட்டே.

இக்குணங்களே சமையற்கத்திக்கும் பொருந்தின. மெருகெண்ணெய் பூசாத ஹோ மரம் ஈரக்கையிலும் வழுக்குவதில்லை. பிடி இலேசாக இருப்பதால் எடை அலகின் பக்கம் நிற்கிறது. வெட்டும் முனை கைக்குக் கட்டுப்படுகிறது.

பிடி உருவாக்கம்

நன்கு உலர்ந்த கட்டையை இழையின் போக்கறிந்து அறுப்பது முதற்பணி. இழை சாய்ந்தோடினால் பிடி விரிசல் காணும். மென்மரத்தின் முகப்பு பிளவாமல் இருக்க எருமைக்கொம்பால் பூண் இடப்படுகிறது. உலக்கைப் பூண் மரத்தைக் காப்பதுபோல இதுவும் காக்கிறது. முகப்பின் வழியே நீர் புகுவதையும் குறைக்கிறது. பின்னர் பிடி நீள்வட்டமாகவோ எண்கோணமாகவோ ஒருபுறம் மட்டும் வரம்புடையதாகவோ இழைக்கப்படுகிறது. வரம்புடைய வடிவம் வலக்கையின் விரல்மடிப்புக்கு ஏற்றது. இடக்கையருக்கு வரம்பு மறுபுறம் அமைய வேண்டும்.

அலகின் பின்னே ஒடுங்கி நீளும் வால்பகுதியைச் சூடாக்கி, பிடியில் இட்ட துளைக்குள் செலுத்துவர். சூட்டில் கருகிய மரம் வாலின் வடிவுக்கே இடம் தருகிறது. பின்பு அலகு கீழ்நோக்க, பிடியின் அடிப்புறத்தைச் சுத்தியலால் தட்டுவர். அலகு தன் நிலைமத்தால் மேலும் உள்ளேறி இறுகும். ஆணி தேவைப்படுவதில்லை.

மாற்றத்தக்க பிடியும் வரலாற்றுச் சான்றும்

ஆணியின்மை இங்குக் கருதத்தக்கது. மேலைநாட்டுக் கத்திகள் பலவற்றில் வாலின் இருபுறமும் மரத்துண்டுகளை வைத்து ஆணியால் பிணைப்பர். பிடியைக் கழற்றுவது கடினம். சகாய்க் கத்தியிலோ, நாட்பட்ட ஈரத்தால் மரம் நைந்தால் அல்லது வால் துருப்பிடித்தால், பிடியைத் தட்டிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். அலகு தீட்டத் தீட்டத் தேய்ந்தும் பல்லாண்டு உழைக்கும். பிடி இடையிடையே மாறும். ஆகவே மென்மரத் தேர்வைச் சிக்கனம் என்று மட்டும் கொள்ள இயலாது. பழுதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அமைப்பு அது.

இதன் விளைவு இருமுகமானது. பழைய கத்தியொன்றில் உள்ள பிடி அதனோடு பிறந்ததாக இருக்கவேண்டியதில்லை. எனவே பிடியைக் கொண்டு கத்தியின் காலத்தைக் கணிப்பது பிழையாகலாம். மேலும், வாளில் கொல்லரின் பெயர் பிடிக்குள் மறையும் வால்பகுதியில் பொறிக்கப்பட்டது. சமையற்கத்தியில் அது அலகின் முகத்திற்கே வந்துவிட்டது. கழற்றி எறியப்படும் பிடியிலோ செய்தவரின் பெயர் இடம்பெறும் வழக்கமில்லை. பெயரும் பொருளும் ஒருங்கே மறைவதால் பிடி செய்பவர் வரலாற்றிலிருந்தும் மறைகிறார்.

உயர்விலைக் கத்திகளுக்கு இன்று கருங்காலி, ஈட்டி முதலிய வன்மரப் பிடிகளும் இடப்படுகின்றன. ஈட்டியை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. அழகுக்கான தேர்வு அரிய மரங்களை நாடும்போது, பழுதுபார்ப்புக்கான தேர்வின் பொருள் மேலும் தெளிவாகிறது.

முடிவுரை

சகாய்க் கத்தி ஒரே பொருளாகத் தோன்றினும் அதனுள் இருவேறு காலங்கள் இயங்குகின்றன. அலகின் காலத்தை மட்டும் எழுதும் வரலாறு, பிடியை மாற்றிய கைகளையும் பழுதுபார்ப்பு மரபையும் தவறவிடும். கருவிகளை ஆவணப்படுத்துகையில் அலகுக்கும் பிடிக்கும் தனித்தனியே காலமும் செய்முறையும் பதிவுசெய்வது, அம்மரபை ஆய்வுக்குள் கொணரும் முதற்படியாக அமையும்.