மூச்சை அளந்தவர்களும் மூச்சைக் கொடுத்தவர்களும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது பண்டார் பாரு. ஆற்றுக்கு அக்கரை பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜித்ராவில் தோல்வியுற்று, மூடா ஆற்றையும் விட்டுப் பின்வாங்கிய 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு இக்கிரியான் ஆற்றையே அடுத்த அரணாகக் கொண்டது. அக்காலத்து ஆங்கிலேயப் படையினருக்கு வழங்கப்பட்ட கருவிகளுள் நச்சுக்காற்றுத் தடுப்பு முகமூடியும் ஒன்று. அதன் முகப்பகுதி ரப்பரால் ஆனது. உலகச் சந்தைக்கு ரப்பரை வழங்கிய நாடுகளுள் மலாயா தலையாயது. இங்குப் பால்மரம் வெட்டியோருள் பெரும் பகுதியினர் தமிழர். முதல் உலகப்போரில் முகமூடியின் வடிகட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டைக்கரியும் தேடப்பட்டது. பொருள் வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. எவ்வளவு நஞ்சை மனித உடல் தாங்கும் என்னும் கணக்கு யாருடைய உடலிலிருந்து வந்தது?

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியர் குளோரின் காற்றைத் திறந்துவிட்டனர். நான்கு நாட்களுக்குப் பின் அக்களத்தில் இறக்கப்பட்டது இந்திய லாகூர் படைப்பிரிவு. நச்சுக்காற்றினிடையே நின்று தம் வீரரைத் திரட்டிய ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. ஆக, இப்புதிய போர்முறையின் முதல் வாரத்திலேயே இந்தியர் மூச்சும் அதில் கலந்துவிட்டது.

நஞ்சு எதுவென்று கண்டறிய ஆங்கில அரசு அனுப்பியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிலக்கரிச் சுரங்கக் காற்றை ஆராய்ந்து பெயர் பெற்ற உடலியல் அறிஞர் இவர். அடைத்த அறைக்குள் தாமே புகுந்து நச்சுக்காற்றைச் சுவாசித்து, உடலில் நேர்வதைக் குறித்துவைப்பது இவருடைய வழக்கம். 1916-இல் இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் ஆய்வுநிலையம் எழுந்தது. அங்குப் பணிபுரிந்த ஜோசப் பார்கிராஃப்ட், ஹைட்ரஜன் சயனைடு நிறைந்த அறைக்குள் முகமூடியின்றி ஒரு நாயுடன் நுழைந்தார். நாய் சுருண்டு விழுந்தது; அவர் நடந்து வெளியேறினார். விலங்கைக் கொன்ற அளவு மனிதனையும் கொல்லும் என்று கணக்கிடுவது எத்துணைப் பிழையாகலாம் என்பதை அச்சோதனை காட்டியது. விலங்குச் சோதனை போதாது என்ற அவ்வெண்ணமே பின்னர் வேறோர் இடத்துக்கு இட்டுச் சென்றது.

சுவாச நச்சியல் என்னும் இத்துறை மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு எளிதாகத் தோன்றும். காற்றிலுள்ள நஞ்சின் செறிவை, அதைச் சுவாசித்த நேரத்தால் பெருக்கினால் விளைவு கிடைக்கும் என்பது ஜெர்மானிய வேதியியலார் ஃபிரிட்ஸ் ஹேபர் வகுத்த விதி. ஆயினும் உடல் அவ்வளவு பணிவுடன் விதிக்கு அடங்குவதில்லை. ஓய்ந்திருப்பவன் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்வாங்குகிறான். சுமை தூக்கி ஓடுபவனுக்கோ 40 லிட்டருக்கு மேலும் தேவை. நீரில் எளிதிற் கரையும் காற்று மூக்கையும் தொண்டையையும் எரித்து எச்சரிக்கும். எளிதிற் கரையாத பாஸ்ஜீன் நுரையீரலின் ஆழத்தை எட்டிச் சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பின்னரே கொல்லும். துளிகளாயின், 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். மிக நுண்ணியவையே காற்றறைகளை அடையும்.

வெப்ப நாட்டில் நிலைமை என்ன என்னும் வினா படைத்துறையைத் துளைத்தது. கடுகு நச்சு வெயிலில் விரைந்து ஆவியாகும். வியர்த்த தோலில் கடுமையாகப் பற்றும். கண்ணையும் மூச்சுக்குழலையும் அது விட்டுவைப்பதில்லை. போர்ட்டன் டவுன் அறிவியலாளர், 1930-களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக, ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். முகமூடியுடன், அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் மட்டும் அணிந்தவர்களாக, சிப்பாய்கள் நச்சுக்காற்று அறைக்குள் அனுப்பப்பட்டனர். ஒருவருடைய முகமூடி நழுவியதால் கண்ணும் முகமும் கடுமையாக வெந்தன. மருத்துவமனையில் கிடத்தப்படும் அளவிற்குப் புண்பட்டோரும் உண்டு. இந்தியர் தோலும் வெள்ளையர் தோலும் நஞ்சை ஒன்றுபோல் தாங்குமா என்பதும் ஆய்வின் நோக்கங்களுள் ஒன்று. போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் வெள்ளை வீரர்கள் இத்தகைய சோதனைக்கு ஆளாயினர் என்பதையும் சொல்லுதல் நேர்மை.

ஹால்டேனும் பார்கிராஃப்டும் நஞ்சின் இயல்பை அறிந்து தம் உடலைத் தாமே ஒப்படைத்தவர்கள். கதவைத் திறந்து வெளியேறும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. மேலதிகாரியின் சொல்லே கட்டளையாகிய படையில், அதுவும் அடிமைப்பட்ட நாட்டுப் படையில், சிப்பாயின் இசைவு என்பதற்கு என்ன பொருள்? சோதனைக்குப் பின் அவர்களைத் தேடிப் பிடித்து உடல்நலம் ஆராயப்படவில்லை. கடுகு நச்சு புற்றுநோய் விளைவிப்பது என்பது பின்னர் உறுதியாயிற்று. இச்செய்தி பரவலாக வெளிவந்ததே 2007-இல் ஆங்கில நாளேடு ஒன்றின் வாயிலாகத்தான். போர்ட்டன் டவுனில் 1953-இல் சரின் நஞ்சைத் தோலில் இட்டுச் சோதிக்கப்பட்டு இறந்த ரொனால்டு மேடிசன் என்னும் ஆங்கிலேய இளைஞனுக்கு, 2004-இல் மரண விசாரணை மன்றம் அது சட்டத்துக்குப் புறம்பான கொலை எனத் தீர்ப்பளித்தது. ஐம்பத்தோர் ஆண்டுத் தாமதமாயினும் அவனுக்கு ஒரு தீர்ப்பாவது வாய்த்தது.

படைக்காக அளந்த மூச்சுக்கணக்கு அமைதிக்காலத் தொழிலாளிக்கும் பயன்பட வேண்டிய ஒன்று. மலேசியத் தோட்டங்களில் பல்லாண்டு தெளிக்கப்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து மரவரிசையூடே நடந்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். முகமூடியின்றி மருந்தடித்தவர்களும் பலர். சுமை கூடக் கூட மூச்சும் கூடும் என்பது பார்கிராஃப்ட் காலத்திலேயே தெரிந்த உண்மை. பம்பிலிருந்து வரும் துளிகள் பெரியவை. ஆதலால் அவை மூக்கில் படிந்தன. மூக்கிலிருந்து குருதி வடிந்தது. எவ்வழியே உட்புகுந்தாலும் நுரையீரலிற் சென்று திரள்வது இந்நஞ்சின் இயல்பு. 2002-இல் தெனாகானித்தா அமைப்பு தோட்டத் தொழிலாளர் நச்சுப் பாதிப்பு பற்றிய ஆய்வை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அரசு பாராகுவாட்டைக் கட்டுப்படுத்தியது; 2006-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது; முழுத்தடை 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. முகமூடிக்குப் பால் தந்த மரங்களும் பல இடங்களில் வெட்டப்பட்டிருந்தன.