கீழ்நாதத்தின் சரித்திரம்: கம்பம் பள்ளத்தாக்கும் பேஸ் கிட்டார் பெடல்களும்

பேஸ் கிட்டாருக்கு எந்த ஓவர்டிரைவ் பெடல் பொருந்தும் என்னும் வினா, கடையில் விலை கேட்பவருக்கும் மேடையில் வாசிப்பவருக்கும் வெறும் ருசி சம்பந்தமான விஷயமாகவே தோன்றும். ஆயினும், ஒரு வாத்தியத்தின் நாதம் எந்தச் சாதனத்தின் வழியாகக் கேட்பவர் செவியைச் சென்றடைகிறது, பாட்டினுள் அது என்ன காரியம் செய்யும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்னும் இரண்டையும் ஆராயாமல் ருசியைப் பற்றி எவ்வளவு பேசினும் பயனில்லை என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. இதனை ஆராய்வதற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைவிடத் தகுந்த நிலம் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாருக்குத் தனிக்குரல் அளித்த இளையராஜா 1943-இல் பிறந்த பண்ணைப்புரம் இங்கேதான் இருக்கிறது; அவர் அளித்த அக்குரலை உள்ளபடி ஒலிக்க இயலாத குழாய் ஒலிபெருக்கிகள் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டுக் கூரையிலும் நெடுங்காலம் கட்டப்பட்டிருந்ததும் இங்கேதான்.

மின்சாரம் வருவதற்கு முன்னரே இப்பிரதேசத்து ஜனங்களுக்குக் கீழ்நாதத்தின் சுவை அந்நியமன்று. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரத்தோடும் தவிலோடும் பம்பையோடும் சேர்ந்து முழங்கும் உறுமி, ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் மறுமுகத்தைக் கொட்டியும் வாசிக்கப்படுவது. அவ்வாறு தேய்க்கும்போது குச்சி தோலைப் பற்றியும் விட்டும் நகர்வதனால் எழும் ஒலி, தாழ்ந்த ஸ்தாயியில் நின்றபடியே கரகரப்பான மேலொலிகளை ஏராளமாகச் சுமந்து வருகிறது; கூட்டத்தின் இரைச்சலைப் பிளந்துகொண்டு அது தெருக்கோடிவரை கேட்பதற்கு அம்மேலொலிகளே காரணம். கர்நாடக சங்கீத மரபும் இந்த உண்மையை வேறொரு வழியில் அறிந்திருந்தது. தம்பூராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல், தந்தியின் அதிர்வைச் சற்றே இடறச் செய்து அனுசுரங்களை எழுப்புகிறது. மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே ஒலிப்பதைப் பாடகர் அனைவரும் அறிவர். தூய அதிர்வைச் சிறிது கெடுத்து நாதத்தைச் செழிப்பாக்கும் இந்த யுக்தியையே பிற்காலத்து ஓவர்டிரைவ் பெடல் மின்னோட்டத்தில் செய்கிறது.

பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பியாகிய ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அதற்கு மேலுள்ள ஏ, டி, ஜி கம்பிகள் முறையே 55, 73, 98 அதிர்வுகள் கொண்டவை. பேச்சுக்காகவே அமைக்கப்பட்ட குழாய் ஒலிபெருக்கியோ, 300 அதிர்வுக்குக் கீழே பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஆகவே ஈ கம்பியை மீட்டும்போது அடிப்படை அதிர்வும், அதற்குமேல் வரிசையாய் எழும் அனுசுரங்களில் முதற்சிலவும் குழாயைவிட்டு வெளிவருவதே இல்லை. அப்படியிருந்தும் கேட்பவர் அந்தத் தாழ்ந்த ஸ்வரத்தையே கேட்டதாக உணர்கிறார். அடிப்படை அதிர்வு இல்லாதபோதும், எஞ்சிய அனுசுரங்களுக்கிடையேயுள்ள சம இடைவெளியைக்கொண்டு செவியும் மூளையும் அதனை ஊகித்துக்கொள்கின்றன என்னும் விஷயத்தை 1840-களில் ஜெர்மானிய அறிஞர் சீபெக் முன்வைத்தார். ஓம் என்பாருடன் அதுபற்றி ஒரு நீண்ட விவாதமும் நிகழ்ந்தது. சீபெக்கின் பக்கம் நியாயம் இருந்ததைப் பின்னர் 1940-ஐ ஒட்டி ஹாலந்து நாட்டு ஷௌட்டன் நிலைநாட்டினார். கடையில் பெடல் வாங்கப் போகிறவர் இவ்வறிஞர்களை அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால், மேலொலி இல்லாத பேஸ் நாதம் சிறிய ஒலிபெருக்கியில் அறவே மறைந்துபோகும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

1950-களின் பிற்பகுதியில் முல்லைப் பெரியாற்று நீரைக்கொண்டு லோயர்கேம்ப் மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தை ஒட்டியே, இப்பள்ளத்தாக்கின் பாட்டு மேடையும் புதியதொரு உருவம் கொண்டது. இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடிவந்தவர்; 1958-இல் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்ட இடைத்தேர்தலில் வரதராஜனின் பாட்டு தேயிலைத் தோட்டத்துத் தமிழரிடையே பெற்ற வரவேற்பு பிரசித்தமானது. பின்னர்த் தம்பியரும் சேர்ந்து பாவலர் பிரதர்ஸ் என்னும் குழுவாயினர். ஆர்மோனியமும் கிட்டாரும் தாள வாத்தியமும் கொண்ட அத்தகைய குழுக்களின் பாட்டு, அக்காலத்து மேடை வழக்கப்படி, ஒன்றிரண்டு மைக்கின் வழியாகக் குழாய் ஒலிபெருக்கிக்கே சென்றது. கீழ்நாதத்திற்கென்று அங்கே தனி வாத்தியமும் இல்லை, அதனை ஒலிக்கும் சாதனமும் இல்லை. 1968-இல் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, அன்னை சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார் என்பது இளையராஜாவே சொல்லிப் பலரும் அறிந்த செய்தி. உலகத்துச் சங்கீதத்தை வீட்டிற்குள் கொண்டுவந்த அப்பெட்டியின் சிறு ஒலிபெருக்கியும் கீழ்நாதத்தைப் பாதி விழுங்கியே கொடுத்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

பேஸ் கிட்டாரோ அதற்குள் பதினேழு வயது நிரம்பிய வாத்தியம். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிஸிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். ஆளுயரம் நின்ற டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஃப்ரெட் என்னும் குறுக்குப் பட்டைகளின் துணையால் சுருதி பிசகாமல் வாசிக்கத்தக்க அக்கருவி ஒரு விடுதலையாயிற்று. தமிழ்த் திரையிசையிலும் டபுள் பேஸின் ஸ்தானத்தைப் பேஸ் கிட்டார் படிப்படியாக ஏற்றது. எனினும் அதன் காரியம் நெடுங்காலம் கார்டின் மூல ஸ்வரத்தைத் தாளத்தோடு இணைத்துச் சொல்வதாகவே இருந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் சங்கீதம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்விலும் தேறிய இளையராஜா, 1976-இல் அன்னக்கிளியுடன் இசையமைப்பாளராக வெளிப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. ஒவ்வொரு வாத்தியத்திற்கும் உரிய பகுதியைத் தம் கைப்பட ஸ்வரக்குறியீட்டில் எழுதித்தரும் அவரது முறையில், பேஸ் கிட்டார் பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டு ஒன்றைப் பாடத் தொடங்கிற்று. சசிதரன் முதலிய கலைஞர்கள் வாசித்த அப்பகுதிகளைக் கூர்ந்து கேட்போர், 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் ‘இளைய நிலா’ பாட்டிலும், 1986-இல் வந்த மௌன ராகத்தின் ‘மன்றம் வந்த’ பாட்டிலும் பேஸ் கிட்டார் தனித்துப் பாடிக்காட்டத்தக்க ஒரு மெட்டையே வாசிப்பதை உணரலாம்.

இப்பாடல்களின் பேஸ் நாதம் உருண்டையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. உறுமியின் கரகரப்பு அதில் இல்லை. உறுமி முழங்கும் நாட்டிலிருந்து சென்றவர் அக்கரகரப்பைப் பேஸ் கிட்டாருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவர் கேட்கக்கூடும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1991-க்குப் பின்னரே தளர்ந்தன, ஆதலால் வெளிநாட்டுப் பெடல் எளிதிற் கிடைத்திராது என்பது ஒரு விடை. அதனை நான் முக்கியமான விடையாகக் கருதவில்லை. எதிர்மெட்டு வாசிக்கும் வாத்தியத்துக்கு ஒவ்வொரு ஸ்வரத்தின் ஆரம்பமும் முடிவும் தெளிவாகக் கேட்பதே பிரதானம். கரகரப்பு மிகுந்தால் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் தலையை மூடிவிடும். மேலும் அம்மெட்டுகள் ஈ கம்பியின் அடியிலேயே தங்கிவிடாமல் அடிக்கடி மேற்கம்பிகளுக்கு ஏறுவன. ஆதலால் பெடலின் உதவியின்றியே, குழாய் ஒலிபெருக்கியிலும் டேப் ரிக்கார்டரிலும் அவற்றின் உருவம் ஓரளவு தப்பிப் பிழைத்தது. சாதனத்தின் குறையை மெட்டின் அமைப்பே ஈடுசெய்தது எனலாம். இசையமைப்பாளர் இதை எண்ணியே செய்தாரா என்பது வேறு கேள்வி, விளைவு இதுவே.

இனி, மேலை நாட்டில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் காண்போம். கருவியின் துணையால் ஒலியைச் சிதைக்கும் வழக்கம் கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்தது என்று பலரும் நம்புகின்றனர். சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக்கூடத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளியான ஒரு பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பிப் பேஸ், கலவை மேஜையில் நேர்ந்த பழுதினால் கரகரத்து ஒலித்தது. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டனர். அவ்வொலியை ஒரு பெட்டிக்குள் அடைக்க ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி முயன்றதன் விளைவே, கிப்ஸன் நிறுவனம் 1962-இல் மேஸ்ட்ரோ என்னும் பெயரில் விற்ற ஃபஸ் டோன் பெடல். ஃபெண்டர் பேஸுக்கென்றே செய்த பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையர் அதிகச் சத்தத்தில் இனிமையாகச் சிதைவதைக் கண்ட கிட்டார் கலைஞர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டதும், லண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதல் ஆம்ப்ளிஃபையரை அதன் சுற்றமைப்பைப் பின்பற்றியே செய்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. பேஸின் வீட்டிற் பிறந்த குழந்தை கிட்டாரின் வீட்டில் வளர்ந்தது.

வளர்ந்த வீட்டின் பழக்கமே பிற்பாடு பேஸ் கலைஞர்களுக்குச் சங்கடமாயிற்று. 1979-ஐ ஒட்டி வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர், கிட்டார் உலகில் இன்றளவும் போற்றப்படுவது. அதன் சுற்றமைப்பில் ஏறத்தாழ 720 அதிர்வுக்குக் கீழுள்ள ஒலிகள் படிப்படியாகக் குறைந்த பெருக்கத்தையே பெறுகின்றன. கிட்டாரின் ஒலி கலங்காமலிருக்க அது நல்ல ஏற்பாடு. பேஸ் கிட்டாரிலோ நான்கு கம்பிகளின் அடிப்படை அதிர்வுகளும் அவ்வெல்லைக்கு வெகு கீழே இருப்பதால், பெடலை மிதித்தவுடன் நாதம் மெலிந்து, மேளத்தின் பெரிய டிரம்முக்கு மேல் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. இதற்குப் பரிகாரமாகத் தூய ஒலியையும் சிதைந்த ஒலியையும் வேண்டிய அளவில் கலக்கும் திருகு வைத்த பெடல்கள் தோன்றின. 1994-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடிபி 3, அதே காலத்தில் வந்த டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் ஆகியவை இவ்வகையில் முன்னோடிகள். பேஸ் கலைஞர் பெடல் வாங்குமுன் முதலிற் பார்க்க வேண்டியது இக்கலவைத் திருகு இருக்கிறதா என்பதையே. இல்லாத பெடல் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டாவது சோதனை ராகம் சம்பந்தமானது. மேலைநாட்டார் நூல்களில் இது நம் நோக்கிற்கேற்ப விளக்கப்படுவதில்லை. ஒலியலையின் மேல்முகட்டையும் கீழ்முகட்டையும் சமமாக வெட்டும் பெடல், மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை அனுசுரங்களை அதிகமாக்குகிறது. மூன்றாவது அனுசுரம் மூல ஸ்வரத்துக்குப் பஞ்சமமாக நிற்பது. அதனால் கெடுதல் இல்லை. ஐந்தாவது அனுசுரமோ அந்தர காந்தாரம். பேஸ் ஷட்ஜத்தில் நிற்க, பாட்டு நடபைரவியிலோ கரகரப்பிரியாவிலோ சாதாரண காந்தாரத்தைத் தொட்டு நீளுமாயின், பெடல் எழுப்பும் அந்தர காந்தாரம் அதனோடு உரசுகிறது. தம்பூராவிலும் இதே அனுசுரம் உண்டெனினும், அங்கே அது மெல்லிய நிழல். கனத்த ஃபஸ் பெடலிலோ அது கூச்சலிடும் தனிக்குரல். ஆகையால் சங்கராபரணத்தையும் கல்யாணியையும் ஒட்டிய மெட்டுகளுக்குத் தாராளமாகவும், சாதாரண காந்தார ராகங்களை ஒட்டியவற்றுக்குச் சிக்கனமாகவும் டிரைவ் திருகைத் திருப்புவதும், முகடுகளைச் சமமின்றி வெட்டி இரட்டைப்படை அனுசுரங்களையும் சேர்க்கும் பெடலை நாடுவதும் உசிதம். இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது ஓவர்டிரைவை அணைத்துவிடுவதே நல்லது. அவ்விரண்டின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வுகள் தோன்றி எந்த ராகத்துக்கும் அடங்காத ஒலிகளை விளைவிக்கும்.

ரோஜா வெளிவந்த 1992-க்குப் பின், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் போன்றோரின் பேஸ் கிட்டாரும் சின்தஸைசர் பேஸும் ஒன்றோடொன்று கலந்ததும், கேட்கும் சாதனங்கள் பெருகியதும் தனியே ஆராயத்தக்கவை. பள்ளத்தாக்கின் மேடை அந்த வேகத்தில் மாறவில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போன்ற சந்தர்ப்பங்களில் பாடும் மெல்லிசைக் குழுவின் பேஸ் கலைஞருக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபையர் கிடைப்பதில்லை. அவர் நாதம் மைக் செட்காரரின் மிக்ஸருக்கு நேராகப் போகிறது. அருகில் நிற்கும் பெரிய பெட்டிகளில் அடிநாதம் கிடைக்கும். தெருவின் கோடியில் குழாய் கட்டியிருந்தால் அங்கே மேலொலி மட்டுமே கிடைக்கும். ஒரே வாசிப்பு இரண்டு இடத்திலும் விளங்கவேண்டுமாயின், தூய ஒலி முக்கால் பங்கும் ஓவர்டிரைவ் கால் பங்குமாகக் கலந்து, மிக்ஸருக்கு நேராக அனுப்பும் டிஐ வாய் அமைந்த பெடலே தகுந்தது. கம்ப்ரஸர் இருப்பின் ஓவர்டிரைவுக்கு முன்னும், கோரஸ் இருப்பின் அதற்குப் பின்னும் வைத்தல் முறை. ஆக்டேவ் பெடல் தூய ஸ்வரத்தையே தெளிவாக இனங்காணுமாதலின் ஓவர்டிரைவுக்கு முன்னரே அமையவேண்டும்.

மின்சாரத்தின் இரைச்சலையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று. அதன் இரைச்சல் 50-லும் 100-லும் ஒலிக்கும். விரலால் அழுத்தாத திறந்த ஜி கம்பி 98. நூறும் 98-உம் இவ்வளவு அருகில் இருப்பதால், அக்கம்பியை மீட்டி நிறுத்தினால் விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை ஒலி தளும்புவது கேட்கும். கம்ப்ரஸரும் ஓவர்டிரைவும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால் அத்தளும்பல் பெரிதாகும். ஜெனரேட்டரில் சுமை மாறும்போது தளும்பலின் வேகமும் மாறும். 9 வோல்ட் பேட்டரியில் பெடலை இயக்கினால் இதில் ஒரு பகுதி குறையும். டிஐ வாயில் தரைத்தொடர்பைத் துண்டிக்கும் விசை இருந்தால் மற்றொரு பகுதியும் குறையும். இரண்டாலும் தீராவிடில், மெட்டில் ஜி ஸ்வரம் நீண்டு நிற்கும் இடங்களில் திறந்த கம்பியை விட்டு, டி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே ஸ்வரத்தைப் பிடித்து, விரலால் லேசாக அசைத்து வாசிக்கலாம்.