தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு ஆகும். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 2017 இல் இதனைத் தோற்றுவித்தன.

பெயர்

'சாதியற்றோர் கூட்டு' எனப் பொருள்படும் இப்பெயர், அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கையாண்ட 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லாட்சியிலிருந்து பெறப்பட்டது. இவர் 1907 இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டவர்.

வரலாறு

குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் கருநாடக இசைக் கச்சேரிகள் நிகழும் மார்கழி மாதம் அது. தொடக்கத்தில் 19 பேர் இடம்பெற்றனர். பாடகர் அறிவு அவர்களுள் ஒருவர். ஒரே பெண் உறுப்பினரான கானா பாடகி இசைவாணி, 2020 இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது.

இசை

இங்கிலாந்தில் 1967 இல் தோன்றிய ஃபேர்போர்ட் கன்வென்சன் குழு நாட்டுப்பாடல்களை ராக் இசையுடன் இணைத்தது. அதுபோல இக்குழு கானாவை ராக், ராப் இசைகளுடன் இணைத்தது. வடசென்னை உழைக்கும் மக்களிடையே வளர்ந்த கானா, இறந்தோரை நினைந்து சாவு வீடுகளில் இரவு முழுவதும் பாடப்படுவது. பறையைப் போலவே இதுவும் இழிவாகக் கருதப்பட்டு, இசை மேடைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் கிதாருடன் ஒரே மேடையில் ஒலிக்கச்செய்த இக்குழு, இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை, மலக்குழி மரணம் ஆகியவற்றைப் பாடுபொருளாக்கியது.