பேசுவது யார்? கணிப்பொறியிடம் ஒரு கேள்வி

ஒரு கல்லூரி விடுதியில் இருநூறு மாணவர்கள்; தொலைபேசியோ ஒன்றே ஒன்று. அங்கிருந்து யாரோ உங்களை அழைத்துத் தொல்லை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைக் கொண்டு எந்த விடுதி என்று கண்டுபிடித்துவிடலாம். ஆள் யார்? விடுதிக் காப்பாளரைக் கூப்பிட்டு, "ஐயா, இப்போது உங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் யார்?" என்று கேட்டால்தான் தெரியும்.

கணிப்பொறி வலையமைப்பிலும் இதே சிக்கல் எழுந்தது. கண்ட தீர்வும் ஏறத்தாழ இதுவேதான்.

அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு, 1983 சனவரி 1 அன்று டி.சி.பி./ஐ.பி. என்னும் புதிய விதிமுறைக்கு மாறியது. அக்காலத்தில் ஆளுக்கொரு கணிப்பொறி ஏது? பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பொறி இருக்கும். பலர் தத்தம் முனையங்களில் அமர்ந்து ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்துவார்கள். இரு பொறிகளுக்கு இடையே உள்ள ஒரு டி.சி.பி. இணைப்பை நான்கு எண்கள் அடையாளம் காட்டுகின்றன: இந்தப் பொறியின் முகவரி, அந்தப் பொறியின் முகவரி, இருபுறமும் 'போர்ட்' எனப்படும் வாயில் எண்கள். இந்த நான்கில் எதுவும் மனிதனின் பெயரைச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இக்குறையைப் போக்க, 1984 செப்டம்பரில் மைக்கேல் செயின்ட் ஜான்ஸ் என்பவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஆர்.எஃப்.சி. 912 என்பது அந்த ஆவணத்தின் எண். 1985 சனவரியில் அது திருத்தம் பெற்று ஆர்.எஃப்.சி. 931 ஆயிற்று. திட்டம் மிக எளியது. உங்கள் பொறிக்கு வேறொரு பொறியிலிருந்து இணைப்பு வருகிறது. உடனே உங்கள் பொறி, வந்த பொறியின் 113ஆம் வாயிலைத் தட்டி, அந்த இணைப்பின் இரு வாயில் எண்களையும் சொல்லும். "6193, 23" என்பது போன்ற ஒற்றை வரி, அவ்வளவே. அங்குள்ள நிரல், அந்த இணைப்புக்கு உரியவரின் பயனர் பெயரைத் திருப்பி அனுப்பும். இணைப்பு உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அறுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பெயர் அந்தப் பொறிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இயக்க அமைப்பின் மையப் பகுதியாகிய கெர்னல், ஒவ்வோர் இணைப்புக்கும் அதைத் திறந்த பயனரின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. லினக்ஸில் இந்தப் பட்டியல் ஒரு சாதாரணக் கோப்பைப் போலவே படிக்கக் கிடைக்கும். எண்ணைப் பெயராக மாற்றக் கணக்குக் கோப்பு இருக்கிறது. பழைய யூனிக்ஸ் பொறிகளிலோ, இந்நிரல் கெர்னலின் நினைவகத்துக்குள்ளேயே எட்டிப் பார்த்துத் துழாவ வேண்டியிருந்தது!

நிறுவுவதும் கடினமன்று. ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் திறந்தமூல அமைப்பில், பல வாயில்களுக்கும் ஒரே காவலனாக நிற்கும் 'இனெட்.டி' நிரலே இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் திறன் பெற்றது. அதன் அமைப்புக் கோப்பில் இதற்கென ஒரு வரி எழுதி, கோப்பை மீண்டும் படிக்குமாறு நிரலுக்குச் சைகை கொடுத்தால் போதும். ஆனால் அந்த வரியில் சேர்க்கக்கூடிய விருப்பக் குறிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒரு குறியைச் சேர்த்தால், பயனர் தம் கோப்புறையில் ஒரு பொய்ப்பெயரை எழுதி வைக்கலாம்; பொறி அதையே உண்மைப் பெயர் போலச் சொல்லும்! அடையாளம் சொல்ல வந்த பணியிலேயே பொய் சொல்ல ஏற்பாடா?

இங்கேதான் வரலாறு சுவையாகிறது. முதல் இரு ஆவணங்களும் இப்பணியை 'மெய்ப்பித்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தன. காப்பாளர் சொல்வது மெய் என்பது அதில் பொதிந்திருந்த நம்பிக்கை. ஆனால் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பின், மேசைமேல் இருக்கும் சிறு கணிப்பொறியிலும் யூனிக்ஸ் வகை அமைப்பு ஓடுவது பரவலாயிற்று. அதற்குக் காப்பாளர் யார்? அதை வைத்திருக்கும் மாணவரேதான்! அவர் விரும்பிய பெயரைப் பொறி சொல்லும். 1993 பிப்ரவரியில் செயின்ட் ஜான்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 1413, பெயரையே மாற்றிவிட்டது. இது 'அடையாள விதிமுறை' மட்டுமே. இதை நம்பி யாரையும் உள்ளே விடக்கூடாது. விடை பொய்யாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறியது. தாம் வகுத்த ஒன்றின் எல்லையைத் தாமே இப்படிக் குறுக்கிச் சொல்ல நேர்மை வேண்டும்.

அப்படியானால் பயன் என்ன? பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988இல் யார்க்கோ ஒய்க்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் அரட்டை வலையில் இது வேரூன்றியது. பொதுப் பொறியிலிருந்து ஒருவர் ரகளை செய்தால், பல்கலைக்கழகம் முழுவதையும் தடுக்க வேண்டாம். அந்த ஒரு பெயரைத் தடுத்தால் போதும். விடை கிடைக்காதவரின் பெயருக்கு முன் ஓர் அலைக்கோடு போட்டுவிடுவார்கள்.

மறுபக்கம் ஒன்று உண்டு. கேட்டவர்க்கெல்லாம் பயனர் பெயரைச் சொல்வது, கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் திருடனுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுப்பதாகும். இதற்கு நல்ல மாற்று, சுவீடனின் பீட்டர் எரிக்சன் எழுதிய 'பிடென்ட்.டி' நிரலில் இருந்தது. பெயருக்குப் பதிலாக, மறைக்குறியாக்கிய ஒரு சீட்டை அனுப்பும் வசதி அது. பெற்றவருக்கு அதில் ஒன்றும் புரியாது. தொல்லை நேர்ந்தால் அந்தச் சீட்டை மூலப் பொறியின் நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும். திறவுகோல் வைத்திருக்கும் அவர் மட்டும் பெயரைக் காண்பார். எல்லா நிர்வாகிகளும் இதையே கையாண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தீச்சுவர்கள் பெருகியதும் 113ஆம் வாயில் பல இடங்களில் அடைபட்டது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. "இல்லை" என்று உடனே மறுத்தால் தொல்லையில்லை. சத்தமில்லாமல் கேள்வியை விழுங்கிவிட்டாலோ, கேட்ட பொறி விடைக்காகக் காத்து நிற்கும். இதனால் சில அஞ்சல் பொறிகள் ஒவ்வொரு மடலுக்கும் பல நொடிகள் வீணாகக் காத்திருந்தன. பலர் காரணம் புரியாமல் தவித்தார்கள்.

உங்கள் பொறியில் லினக்ஸ் இருந்தால், வாயில் எண்களும் பணிகளும் அடங்கிய கோப்பைத் திறந்து 113 என்று தேடிப் பாருங்கள். எதிரே இருப்பது 1984ஆம் ஆண்டின் பழைய பெயர்தான்: 'ஆத்'.