பழவேற்காட்டில் பத்தாண்டுகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், உவர்நீர் ஏரியொன்றின் தென்கரையில் அமைந்த ஊர் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவிற்கு அடுத்த பெருமை உடையது இவ்வேரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் விரிந்து கிடக்க, முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும். பனிக்காலத்தில் பூநாரைகளைக் காண வருவோர் பலர். அவர்களுள் சிலர் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பார்ப்பர். வாயிலின் இரு மருங்கிலும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும் அத்தோட்டம், இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே கிடக்கும் கற்பலகைகளில் குலச்சின்னங்களும் ஒல்லாந்த மொழி வரிகளும் செதுக்கப்பட்டுள்ளன. அயலகம் வந்து அயல் மண்ணிலேயே அடங்கியவர்கள் அவர்கள். ஆயின், இவ்வூரில் பத்தாண்டுகள் வாழ்ந்து, இங்கே கற்றதைச் சுமந்துகொண்டு தாயகம் திரும்பிய ஒருவருக்கு அத்தோட்டத்தில் கல் இல்லை. அவர் பெயரை ஊரார் அறியார்; கவிதையை நேசிப்போரும் பெரும்பாலும் அறியார். அவர் ஆபிரகாம் ரோஜர் என்னும் கிறித்தவப் போதகர்.

ஒல்லாந்தர் இங்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காணலாம். துணி வாணிகத்தின் பொருட்டு வந்த அவர்கள் விசயநகர மன்னர் வேங்கடபதியிடம் 1610இல் இசைவு பெற்றனர். 1612இல் போர்ச்சுகீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னர் 1613இல் எழுந்ததே கெல்டிரியாக் கோட்டை. ஒல்லாந்தின் கெல்டர்லாந்து என்னும் மாநிலத்தின் பெயர் இவ்வாறு நம் கடற்கரையில் ஏறியது. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் பழவேற்காடே.

இக்கோட்டைக்கு ரோஜர் வந்து சேர்ந்தது 1632ஆம் ஆண்டளவில். கீழை நாடுகளுக்கு அனுப்பப்படும் போதகர்களைப் பயிற்றுவதற்கென்றே இலெய்டன் நகரில் 1622இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் பயின்றவர் அவர். கால்வினியச் சமயக் கோட்பாட்டில் உறுதியாக ஊன்றி நின்றவர்; வயதோ முப்பதை எட்டவில்லை. கும்பினிப் பணியாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வழிபாடு நடத்துவது, திருமுழுக்கு அளிப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகியனவே அவருக்கு விதிக்கப்பட்ட கடமைகள். அன்று சென்னை என்று ஒரு நகரம் இல்லை. ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்து மணற்கரையைப் பெற்றது 1639இல். அப்போது ரோஜர் பழவேற்காட்டிற்கு வந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன.

அயல்நாட்டில் நெடுநாள் வாழ்வோர் இருவகைப்படுவர். சுவருக்குள்ளேயே தம் ஊரைக் கட்டிக்கொண்டு வாழ்வோர் ஒரு வகையினர். சுவரில் ஒரு வாயிலைத் தேடுவோர் மற்றொரு வகையினர். கோட்டையில் இருந்தோருள் பெரும்பாலோர் முதல் வகையினர். விலை பேசவும் நிறை பார்க்கவும் தேவையான அளவிற்கு மேல் அவர்களுக்கு இந்நாடு வேண்டியிருக்கவில்லை. ரோஜருக்கு வாயிலாக அமைந்தவர் பத்மநாபன் என்னும் அந்தணர். ஒல்லாந்தரின் பாதுகாப்பில் பழவேற்காட்டில் தங்கியிருந்தவர் அவர். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்ச்சுகீசியம். அஃது இருவருக்குமே தாய்மொழி அன்று.

இந்நிலையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இலெய்டனில் இறையியலை நுண்ணிதின் கற்றவர் ஒருவர். வடமொழி நூல்களை நெட்டுருச் செய்தவர் மற்றொருவர். இருவரும் தத்தம் மொழியில் புலவர்கள். நேருக்கு நேர் அமர்ந்தபோதோ, துறைமுகச் சந்தையில் வழங்கிய கடன் மொழியில் சொல் தேடித் தடுமாறியிருக்க வேண்டும். அயலகம் ஒருவரை முதலில் குழந்தையாக்குகிறது. அறிந்தவர் என்னும் நிலையை இழந்து, வினவுபவர் என்னும் நிலைக்கு இறங்க வேண்டியுள்ளது. இந்த இறக்கத்திற்கு உடன்படாதவர் பத்தாண்டுகள் தங்கினாலும் விருந்தாளியாகவே திரும்புவர். போதிக்க வந்த ரோஜர் இதற்கு உடன்பட்டார் என்பதே அவரது சிறப்பு.

அவர் கேட்டறிந்தவற்றின் தொகுப்பு, 'மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த கதவு' என்று பொருள்படும் தலைப்பில் பின்னாளில் நூலாயிற்று. முதற்பகுதி அந்தணரின் வாழ்வும் ஒழுக்கமும் பற்றியது. இரண்டாம் பகுதி அவர்தம் நம்பிக்கையும் வழிபாடும் பற்றியது. நான்கு வேதங்களின் பெயர்களையும் ஐரோப்பியருக்கு முதலில் எடுத்துரைத்த நூல்களுள் இஃது ஒன்று. அப்பெயர்களை அவர் எழுதியுள்ள முறை தமிழ் படிப்போருக்குச் சுவையளிக்கும். 'வேத' என்று அவர் எழுதவில்லை; 'வேதம்' என்றே எழுதுகிறார். சிவனைக் குறிக்க 'ஈசுவரன்' என்னும் வழக்கையே ஆள்கிறார். ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதியவருக்கு இவ்வொலி வாய்க்காது; தென்னாட்டார் வாயிலிருந்து காதால் கேட்டவருக்கே வாய்க்கும். பழவேற்காட்டுக் காற்று அந்நூலின் எழுத்துக்கூட்டலிலேயே வீசுகிறது எனலாம்.

இம்மக்கள் கடவுளை அறியாத விலங்கு போன்றவர் என்னும் எண்ணம் அந்நாளைய ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. அது தவறு என்று ரோஜர் வெளிப்படையாக மறுக்கிறார். உலகிற்கு ஒரு தலைவன் உண்டு என்பதை இவர்கள் அறிவர் என்று எழுதுகிறார். இதைக் கொண்டு அவர் மனம் மாறிவிட்டார் என்று கொள்வது மிகையாகும். உருவ வழிபாட்டைப் பற்றி எழுதும்போது அவர் பழைய கால்வினியரே. அதில் சாத்தானின் கையைக் காண்கிறார். தம் சமயத்தினின்று அவர் அணுவும் விலகவில்லை. பிறர் சொல்வதைத் தம் மறுப்புரையால் இடைமறிக்காமல் கேட்கக் கற்றுக்கொண்டார், அவ்வளவே. அது சிறிய கல்வி அன்று. கொள்கையை விட்டுவிட்டுப் பிறரைப் புரிந்துகொள்வதைக் காட்டிலும், கொள்கையைப் பற்றிக்கொண்டே பிறருக்குச் செவி கொடுப்பது அரிது.

கவிஞர்கள் கூடும் ஓர் அவையில் இந்நூலைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் பத்மநாபன் ரோஜருக்குப் போர்ச்சுகீசியத்தில் விளக்கிச் சொன்னார். ரோஜர் அவற்றை ஒல்லாந்த மொழியில் உரைநடையாக எழுதிக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1651இல் நூலின் ஒரு பகுதியாக வெளிவந்தது. வடமொழி இலக்கியத்திலிருந்து நேரே ஓர் ஐரோப்பிய மொழிக்குச் சென்று அச்சேறிய முதல் படைப்பு இதுவே என்பர் அறிஞர். சார்லஸ் வில்கின்ஸின் பகவத்கீதை மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1785இல். வில்லியம் ஜோன்ஸின் சாகுந்தலம் 1789இல். கல்கத்தாவில் கீழைக்கலைப் புலமை பிறந்தது என்று பாடநூல்கள் கூறும். அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்பே, மீன் வாடை வீசும் ஒரு கடற்கரையில் அந்தக் கதவு திறந்தாகிவிட்டது.

பர்த்ருஹரியின் மூன்றாவது சதகம் காதல் பற்றியது. அஃது இந்நூலில் இல்லை. அறமும் துறவும் கடல் கடந்தன. காமம் கரையிலேயே நின்றுவிட்டது. மூன்று மொழிகளைக் கடந்ததில் கவிதையின் ஓசை முற்றும் போயிற்று. பொருளிலும் சில இடங்கள் மங்கின. ஆயினும், செல்வம் நிலையாமையும் இளமை நிலையாமையும் பேசும் குரல் அங்குள்ளோர் நெஞ்சைத் தொடும் அளவிற்கு எஞ்சியிருந்தது.

தமிழருக்கு இதில் இன்னொரு தொடர்பும் புலனாகிறது. பட்டினத்தாரின் மாணாக்கர் பத்திரகிரியார் உச்சயினி மன்னராக இருந்து துறவு பூண்டவர் என்பது நம் செவிவழி மரபு. அரசைத் துறந்த பர்த்ருஹரி பற்றிய வடநாட்டுக் கதையின் சாயல் அதில் உண்டு. பெயரும் அதனையே நினைவூட்டும். கடல் வாணிகத்தில் ஈட்டிய பொருளை எல்லாம் விட்டுவிட்டு நடந்த பட்டினத்தார் அடங்கிய இடமோ, பழவேற்காட்டிற்குத் தெற்கே இதே கடற்கரையில் உள்ள திருவொற்றியூர். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால், துறவைப் பாடிய கவிகளின் சொல் ஒரு வாணிகக் கோட்டையினின்று கப்பலேறியது என்பதில் உள்ள பொருத்தம் எண்ணி இன்புறத்தக்கது.

1642இல் ரோஜர் பழவேற்காட்டை விட்டுப் பத்தாவியா சென்றார். அங்கு ஐந்தாண்டுகள் பணியாற்றி 1647இல் ஒல்லாந்து திரும்பினார். நெடுநாள் அயலகத்தில் இருந்தோர்க்குத் தாயகமும் சற்று அயலாகிவிடும் என்பர். அவரோ அதை உணரவும் நெடுநாள் இருக்கவில்லை. 1649இல் கௌடா நகரில் காலமானார். கைப்படி அச்சேறாமல் கிடந்தது. அதனை இலெய்டனில் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தவர் அவர்தம் துணைவியார். அவ்வம்மையார் மட்டும் அக்கட்டைப் பெட்டியிலேயே விட்டிருந்தால், பத்தாண்டு உரையாடல் முழுவதும் கரையானுக்கு இரையாகியிருக்கும். 1663இல் நூரம்பெர்க்கில் ஜெர்மன் மொழிபெயர்ப்பும், 1670இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்த ஹெர்டர், 1792இல் வெளியிட்ட தொகுதியொன்றில் அவ்வுரைநடையை மீண்டும் செய்யுளாக்கினார். பாட்டாகப் பிறந்தது உரைநடையாகத் தேய்ந்து, மறுபடியும் ஒரு கவிஞன் கையில் பாட்டாயிற்று. மூல நூல் 1915இல் காலந்து என்னும் வடமொழி அறிஞரால் மறுபதிப்புப் பெற்றது.

இத்தனை புகழுக்கும் உரிய கதவு எத்திசையில் திறந்தது என்பதையும் நோக்க வேண்டும். ரோஜர் அமர்ந்து கேட்டது அந்தணரிடம் மட்டுமே. கோட்டையினின்று கூப்பிடு தொலைவில் வலை உணத்தியிருந்த மக்களின் குரல் அவரது நூலில் கேட்கவில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை முறைவைத்துப் பகிரும் வழக்கம் ஒன்று இங்குள்ள பட்டினவரிடையே இன்றும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய குப்பத்தார் முகத்துவாரத்தை அடுத்த நல்ல இடங்களைத் தமக்குள் பகுத்து, இன்ன நாளில் இன்னார்க்கு என்று வரிசை வகுத்துக்கொள்கின்றனர். நீரோட்டம் வாய்ப்பான இடத்தில் கழி ஊன்றி வலை கட்டும் உரிமை இவ்வரிசையில் உள்ள தலைக்கட்டுக்கே உரியது. நல்ல இடம் வலியவனுக்கே என்றாகாமல் காக்கும் இம்முறைக்குப் 'பாடு' என்று பெயர். பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்றும் பொருள். பாடுவாயாக என்னும் ஏவலும் அதுவே. இச்சொல்லைக் கவிஞருக்கு விளக்க வேண்டுவதில்லை. இவ்வழக்கம் ரோஜர் காலத்தில் எவ்வடிவில் இருந்திருப்பினும், அந்நாளிலும் ஏரி இருந்தது, வலை இருந்தது, பங்கீட்டிற்கு ஒரு நீதியும் இருந்திருக்கும். நீதி சதகத்தை எழுதிக்கொண்டவர் அந்த நீதியை உசாவினாரல்லர். எவரோடு அமர்கிறோமோ அவர் காட்டும் அளவிற்கே அயல்நாடு நமக்குத் தெரிகிறது.

இன்னொரு பயணமும் இவ்வூரோடு தொடர்புடையது. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இக்கரையோர மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியாவிற்கு ஏற்றப்பட்டனர். 1620களிலேயே தொடங்கிய இவ்வாணிகத்தில் பழவேற்காடு முதன்மையான துறையாக விளங்கியது. ஆயிரக்கணக்கில் சென்றோருள் திரும்பியவர் அரியர். அவர்களும் அயலகத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களே, அயல்மொழி கற்றவர்களே, உணவும் உடையும் பெயரும் மாறியவர்களே. அவர்கள் கற்ற பாடத்தை எழுதிக்கொள்ள எவரும் எதிரே அமரவில்லை. ரோஜரின் நூலில் அட்டையில் பெயருண்டு; இவர்கள் கும்பினியின் கணக்கேடுகளில் எண்களாக நிற்கின்றனர்.

அந்த ஏடுகளைப் புரட்டி இக்கரையின் வாணிக வரலாற்றை எழுதியவருள் தலைசிறந்தவர் மற்றொரு புலம்பெயர்ந்த தமிழரே என்பது வியப்பிற்குரியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கையிலும் மலேயாவிலும் கற்பித்து, ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக அமர்ந்து, 1998இல் மறைந்த சின்னப்பா அரசரத்தினமே அவர். ஒல்லாந்த மொழி ஆவணங்களின் வழியே சோழமண்டலக் கரையின் வணிகரைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1986இல் வெளிவந்தது. ரோஜர் இங்கு வந்து அயல்மொழியில் நம்மைக் கேட்டார். அரசரத்தினம் வெளியே சென்று அயல்மொழி ஏட்டில் நம்மைத் தேடினார்.

பழவேற்காடு 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மண்மேடு. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. பத்மநாபனும் ரோஜரும் எங்கு அமர்ந்து பேசினர் என்று காட்ட அங்கு ஒரு கல்லும் இல்லை. கோட்டையை நினைவிற் கொண்டிருப்பது கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊரின் பெயர்தான். அங்குள்ளோர் விடியுமுன் எழுந்து, அன்றைய பாடு எவருடையது என்று கேட்டுக்கொண்டு ஏரியில் இறங்குகின்றனர்.