கடல் கடந்து வந்த காதல் தெய்வம்

கிரேக்கரின் தெய்வங்களுள் அப்ரோடைட்டியின் புகழ் பெரிது. காதலுக்கும் அழகுக்கும் உரியவள் அவள். உரோமர் தம் வீனஸ் தேவியோடு ஒன்றாக வைத்து எண்ணியதும் அவளையே. 1820 ஆம் ஆண்டில் மீலோஸ் தீவிற் கிடைத்து, இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் கையிழந்து நிற்கும் பளிங்குச் சிலையைப் படத்திலேனும் பலர் கண்டிருப்பர். கிரேக்கக் கலையின் அடையாளமாகவே ஆகிவிட்ட இத்தெய்வம் கிரேக்க மண்ணிற் பிறந்தவள் அல்லள். கிரேக்கர் அதனை மறைக்கவும் இல்லை.

ஹோமர் அவளைச் சீயுஸின் மகள் என்கிறார். ஹெசியட் கூறும் கதை வேறு. வானக் கடவுளின் அறுபட்ட உறுப்பு கடலில் விழ, அதனைச் சூழ்ந்த நுரையினின்று அவள் தோன்றினாளாம். முதலிற் கைதீராத் தீவை அணுகி, பின்னர்ச் சைப்ரஸிற் கரையேறினாளாம். கதை நிற்க, அதில் வரும் வழியை மட்டும் குறித்துக்கொள்வோம். கி.மு. 5 ஆம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ், சிரியா நாட்டு அஸ்கலோன் நகரத்துக் கோயிலே இவள் கோயில்களுள் மிகப் பழையது என்கிறார். சைப்ரஸ் கோயில் அதினின்று கிளைத்தது எனச் சைப்ரஸ் மக்களே கூறினராம். கைதீராக் கோயிலை எழுப்பியவரும் பினீசியராம். கதையின் வழியும் கப்பலின் வழியும் ஒன்றாகவே இருக்கின்றன. கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளாகிய மைசீனியக் களிமண் ஏடுகளிற் சீயுஸ், ஹீரா, போசைடன் ஆகிய பெயர்கள் உள்ளன. அப்ரோடைட்டியின் பெயர் இதுகாறும் கிடைத்திலது.

பினீசியர் அஸ்தார்த்தே என்றும், பாபிலோனியர் இஷ்தார் என்றும் போற்றிய தெய்வமே இவளுக்கு மூலம் என்பது அறிஞர் பலர் துணிபு. சைப்ரஸின் பழைய தாய்த்தெய்வமும் அவளுட் கலந்திருக்கலாம். இஷ்தார் காதலுக்கு மட்டுமன்றிப் போருக்கும் உரியவள். ஹோமரின் அப்ரோடைட்டியோ போர்க்களம் புகுந்து, கையிற் காயம்பட்டுத் தாயிடம் ஓடுகிறாள். போர் உன் தொழிலன்று எனச் சீயுஸ் நகைக்கிறான். ஆயினும் கைதீராவிலும் ஸ்பார்ட்டாவிலும் படைக்கலம் தாங்கிய அவள் திருவுருவங்கள் இருந்தமையைக் கி.பி. 2 ஆம் நூற்றாண்டிற் பௌசானியஸ் எழுதிவைத்தார். புகுந்த வீட்டார் மறந்ததைப் பழஞ்சிலை மறக்கவில்லை போலும்!

சைப்ரஸிற் பாபோஸ் நகரத்துப் பெருங்கோயிலில் மனித வடிவே இல்லை. அடி அகன்று மேலே குறுகிய கல் ஒன்றே அங்கு வழிபடப்பட்டது. கி.பி. 69 இல் தீத்தஸ் அங்குச் சென்றதைக் கூறுமிடத்து, இவ்வடிவின் காரணம் விளங்கவில்லை என்கிறார் டாசிட்டஸ். சிலை வழிபாட்டிற் பழகிய உரோமருக்கு விளங்காதது இயல்பே.

வேற்றூரிற் குடியேறி வாழ்வோர்க்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று ஏதென்ஸின் துறைமுகமாகிய பிரேயஸிற் கிடைத்த கல்வெட்டில் உண்டு. அதன் காலம் கி.மு. 333. சைப்ரஸின் கீத்தியோன் நகர வணிகர் அத்துறைமுகத்திற் பெருகி வாழ்ந்தனர். கீத்தியோன் பினீசியர் குடியேறி வளர்த்த நகரம், இன்றைய லார்னகா. ஏதென்ஸில் அயலார் ஆயுள் முழுதும் வாழலாம், வரி செலுத்தலாம். ஆனால் ஒரு சாண் நிலமும் சொந்தமாகக் கொள்ள இயலாது. மக்கள் மன்றம் தனியே உரிமை வழங்கினாலன்றி வேறு வழியில்லை. அப்ரோடைட்டிக்குக் கோயில் எடுக்க நிலம் வாங்க உரிமை வேண்டும் என அவ்வணிகர் மன்றத்தின் முன் விண்ணப்பித்தனர். நகரில் அத்தெய்வத்துக்குக் கோயில் இல்லாமலில்லை. ஆயினும் தம் ஊர் முறைப்படி தாமே வழிபட ஓரிடம் வேண்டுமென்று அவர்கள் விழைந்தனர் போலும். தம் மொழியில் அஸ்தார்த்தே என்றழைத்தவளையே ஏதென்ஸ் மக்களுக்கு விளங்கும் பெயராற் குறித்தனர் எனக் கருதுவது பொருந்தும்.

தானியத்துக்குக் கடல் வணிகரை நம்பியிருந்த நகரம் அது. நகர நிதியைச் சீர்செய்த லைகர்கஸே தீர்மானத்தை முன்மொழிந்தார்; எகிப்தியர் ஐசிஸ் தேவிக்குக் கோயில் அமைத்தது போலவே இவர்க்கும் உரிமை வழங்கலாம் என்றார். மன்றம் இசைந்தது.

அதே பிரேயஸில், அதே நூற்றாண்டைச் சேர்ந்த சிறு காணிக்கைக் கல்லொன்றும் கிடைத்தது. நேர்ந்துகொண்டபடி வானக அப்ரோடைட்டிக்கு அதனைப் படைத்தவள் அரிஸ்டோக்ளேயா என்னும் பெண். தன் பெயரை அடுத்து அவள் பொறித்திருப்பது, கீத்தியோன் ஊரினள் என்பது.