மூச்சா, நாடியா?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களுக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் வழங்கிய கட்டடத்தில் 1976-ல் தொடங்கப்பெற்ற அந்நிலையம், 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அங்கே இதய அறுவை நடைபெறுங்கால், நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் மயக்க மருத்துவர் மூச்சையும் நாடியையும் ஒருங்கே கண்காணிக்கிறார். இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று பெரும் மருத்துவர்களே வாதிட்ட காலம் ஒன்று உண்டு. அவ்வழக்கு விசாரிக்கப்பட்ட இடம் நம் ஹைதராபாத் நகரமே.

எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற மருத்துவர் 1847 நவம்பரில் குளோரோபாரத்தைக் கையாளத் தொடங்கினார். மூன்று மாதம் நிறையுமுன்னரே, 1848 ஜனவரியில், ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அம்மருந்தை முகர்ந்து, சில நிமிஷங்களில் உயிர் நீத்தாள். ஒரு நகத்துக்கு ஓர் உயிரா! இதயமே முதலில் நிற்கிறது, ஆகவே நாடியில் விரல் வைத்தே மருந்தைக் கொடுக்க வேண்டும் என்றனர் லண்டன் மருத்துவர் பலர். எடின்பரோவினரோ மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர்.

அந்த எடின்பரோ மரபில் வந்தவர் எட்வர்டு லாரி. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவர். கொண்ட கொள்கையை எளிதில் விடாதவர். 1888-ல் ஒரு குழு அமைத்து, நாய்களைக் கொண்டு சோதனை நடத்தித் தம் கட்சியே மெய் என்றார். லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' பத்திரிகை அதனை ஏற்கவில்லை. நிஜாம் மஹபூப் அலி கான் 1000 பவுன் அளித்து, அப்பத்திரிகையே தன் நிபுணரை அனுப்பிப் பார்க்கட்டும் என்றார். மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒரு சமஸ்தானம் அந்நாளில் இவ்வளவு தாராளம் காட்டியது வியப்பே.

1889-ல் வந்த லாடர் பிரண்டன், இதயத்தின் கட்சியினராகவே கப்பலேறியவர். நானூறுக்கு மேற்பட்ட பிராணிகளைச் சோதித்த பின், மூச்சே முதலில் நிற்கிறது என்று கண்டு மனம் மாறி, லண்டனுக்குத் தந்தி அடித்தார். லாரியின் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்ஸி மாது பின்னர் மயக்க மருந்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டார்.

ஹைதராபாத்துப் பிராணிகள் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. மருந்து மிகுந்தால் மூச்சுத்தான் முன்னே ஓயும். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி வேறு. மயக்கம் முழுமை பெறாத நிலையில், அட்ரினலின் உடலில் பெருகினால், இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து ஓயக்கூடும் என்பதை 1911-ல் லெவி என்பவர் பூனைகளைக் கொண்டு மெய்ப்பித்தார். அச்சத்தால் அட்ரினலின் பெருகும்.

ஹன்னா கிரீனர் முதல் நாளெல்லாம் கலங்கியிருந்து, நாற்காலியில் அமர்த்தப்பட்டபோதும் விம்மிக்கொண்டிருந்தாள்.